பாரமும் பொறுப்பும்

தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்குச் சரக்கேற்றிய கடலோடிகள், கனத்த பண்டங்களை அடித்தளத்தில் இருத்திச் சமநிலை கண்ட பின்னரே பாய் விரித்தனர். அவர்களின் வழிவந்த நாம், திரேஸ்புரம் கரையில் வலையையும் ஐஸையும் இயந்திரத்தையும் சிறிய டிரெய்லரில் ஏற்றும்போது அந்த விவேகத்தை மறப்பது தகாது.

பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்குச் சற்று முன்பாகவும் தாழ்வாகவும் அமைந்து, மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மேல் நின்றால்தான் வண்டி நேர்பட ஓடும். பின்புறம் கனத்துவிட்டாலோ, வேகம் மிகும்போது டிரெய்லர் இருபுறமும் அலைந்து, இழுக்கும் வாகனத்தையும் கவிழ்த்துவிடக் கூடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகப்பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஆயினும் அபராதத்திற்கு அஞ்சி அல்ல, சாலையில் நடக்கும் பாதசாரியின் பிராணனைக் கருதியே பாரத்தை அளந்து ஏற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டுவோமாக.