மகாராஜாவும் தீர்மான நோட்டும்

பேரிகையிலிருந்து மாலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம் வந்துவிடும். தக்காளி ஏற்றிப் போகும் வண்டிக்காரருக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 1947 வரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் லண்டனில் இருந்த ராஜா, அந்தப் பக்கம் மைசூரில் இருந்த ராஜா. நம் பக்கத்து ராஜாவை இன்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பக்கத்து ராஜாவைத்தான் நினைக்கிறார்கள். ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தாலும் சரி, ஒரு சான்றிதழுக்கு நாலு நடை அலையவிட்டாலும் சரி, டீக்கடை பெஞ்சில் யாராவது ஆரம்பித்துவிடுவார்: “மைசூர் மகாராஜா காலத்துல இப்படியா இருந்துச்சு?” சொல்கிறவர் பிறந்ததே அறுபதுகளில்தான் இருக்கும்.

இந்த ஏக்கத்தைச் சிரித்துத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் பாதி உண்மை. 1881இலேயே மைசூரில் பிரதிநிதிகள் சபை ஒன்று கூடியது. அதை அமைத்த திவான் ரங்காசார்லு செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். 1902இல் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905இல் பெங்களூரில் தெரு மின்விளக்கு எரிந்தது. விஸ்வேஸ்வரய்யா 1912 முதல் 1918 வரை திவானாக இருந்து செய்தவற்றை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அதே காலத்தில் நம் ஓசூர் தாலுக்கா சேலம் மாவட்டத்தின் ஒரு கோடி. ஒரு மனு சேலம் போய், சென்னை போய், அதற்கும் மேலே கடல் தாண்ட வேண்டும்.

மீதிப் பாதியைப் பெஞ்சில் யாரும் சொல்வதில்லை. 1938 ஏப்ரல் 25 அன்று, மாலூரைப் போலவே அப்போது கோலார் மாவட்டத்தில் இருந்த விதுராஸ்வத்தத்தில், தடையை மீறிக் காங்கிரஸ் கொடியேற்றக் கூடிய ஜனங்கள் மீது மைசூர் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் சொன்ன கணக்கு ஒன்று, ஊர் சொன்ன கணக்கு வேறு. அப்போது அரியணையில் இருந்தவர் காந்தி ராஜரிஷி என்று போற்றிய அதே நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவான், நல்ல நிர்வாகி என்று இன்றும் பெயரெடுத்திருக்கும் மிர்சா இஸ்மாயில். விளக்குப் போட்டவர்களும் அவர்கள்தான், அந்தத் துப்பாக்கிக்குப் பொறுப்பானவர்களும் அவர்கள்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் சங்கதி தெளிவாகிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1830–31இல், வரிக்கொடுமை தாங்காமல் நகர் சீமைக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராஜாவை மாற்ற அவர்களிடம் வேறு வழி இல்லை. 1831இல் கிழக்கிந்தியக் கும்பினி உள்ளே வந்து நிர்வாகத்தையே பிடுங்கிக்கொண்டது. திரும்பக் கொடுக்க ஐம்பது வருஷம் ஆனது. பக்கத்துக் குடகிலும் இதுதான். 1834இல் கடைசி ராஜா சிக்கவீர ராஜேந்திரனை இறக்கியது கும்பினிப் படை. இறக்கிய கையோடு நாட்டையும் எடுத்துக்கொண்டது. அந்த ராஜாவைப் பற்றித்தான், வீட்டில் தமிழ் பேசி கன்னடத்தில் எழுதிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் நாவல் எழுதினார். ஞானபீடப் பரிசும் பெற்றார். அவர் பெயரில் இருக்கும் மாஸ்தி, எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர் தாலுக்காவில்தான் இருக்கிறது. மைசூர் அரசுப் பணியில் உயர் பதவி வகித்தவர் கெட்டுப்போன ஒரு ராஜாவைத் தேடிப் போய் எழுதினார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆக, ராஜா நல்லவரா கெட்டவரா என்று விவாதிப்பதே வீண் வேலை. நல்ல ராஜா வாய்ப்பது அதிர்ஷ்டம். கெட்ட ராஜா வாய்த்தால் அவரை இறக்கக் குடிமக்களிடம் என்ன வழி இருந்தது? அதைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜிதான் இந்தியாவில் ஆங்கில ராஜாவின் கடைசிப் பிரதிநிதி. சுதந்திரம் வந்த பிறகும் இரண்டரை வருஷம் ஆறாம் ஜார்ஜ் நமக்கு ராஜாதான். நாணயத்திலும் அவர் தலைதான். 1950 ஜனவரி 26 காலை 10.18க்கு டெல்லி தர்பார் மண்டபத்தில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வாசித்து முடித்ததும் அவருடைய பதவியே இல்லாமல் போனது. சில நிமிஷங்களில் ராஜேந்திர பிரசாத் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். ராஜாஜியின் அரசியலில் நமக்கு உடன்பாடில்லாதவை ஏராளம். இந்தக் காட்சி மட்டும் பிடித்திருக்கிறது.

அதே நாளில் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் மாநிலத் தலைவர், அதாவது ராஜபிரமுகர், ஆனார். 1956இல் ஆளுநர். 1964இல் சென்னைக்கே ஆளுநராக வந்தார். அப்பாவழி வந்த சிம்மாசனம் போய், டெல்லியிலிருந்து வரும் ஓர் உத்தரவில் காலியாகக்கூடிய நாற்காலி. அதற்கு முன், 1947இல், ‘மைசூர் சலோ’ என்று ஜனங்கள் திரண்ட பிறகுதான் அக்டோபரில் கே.சி. ரெட்டியின் மந்திரிசபை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. மன்னர் மானியம் போகவே 1971 ஆகிவிட்டது.

முடி போனாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நார்வேயிலும் ஜப்பானிலும் முடி இருக்கிறது. ஜனங்கள் நினைத்தால் ஆட்சி மாறுகிறது. வடகொரியா பெயரளவில் குடியரசு. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக ஆட்சி ஒரே வீட்டில் கிடக்கிறது. 2008இல் ராஜாவை அனுப்பிய நேபாளத்தில் அதன் பிறகு எந்த அரசும் ஐந்து வருஷம் முழுசாக ஓடவில்லை. 2025 மார்ச்சில் காட்மாண்டு விமான நிலையத்தில் அந்த முன்னாள் ராஜா ஞானேந்திராவை வரவேற்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். நம் டீக்கடை பெஞ்சின் பெரிய வடிவம் அது.

நம் ஊருக்கே வருவோம். பாகலூர், சூளகிரி போல பேரிகையும் ஒரு பாளையம். பாளையக்காரர் போய்விட்டார், பழக்கம் போகவில்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை, பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் கணவர் ‘தலைவர்’ என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரும் “வாங்க பிரசிடெண்ட்” என்றது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறார்கள். ராஜா எடுத்தால் மறுபேச்சு இல்லை; தொழிலுக்கு நிலம் எடுப்பதற்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் நோட்டீஸ் உண்டு, ஆட்சேபம் சொல்லலாம். எடுபடுகிறதா என்பது வேறு கதை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கத்து விவசாயிகள் 2023இல் பந்தலில் உட்கார்ந்தது அந்தக் கதைதான். பந்தல் போட்டு உட்கார முடிந்ததைச் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கவில்லை. விதுராஸ்வத்தத்தில் கூடியவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

கிராமசபை நடக்கிற விதத்தைப் பாருங்கள். நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் போன முறை தீர்மான நோட்டில் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். மேலே கால் பக்கம் காலி. தீர்மானம் பிறகு எழுதப்படுமாம். கையெழுத்துப் போட்டவர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களே அதிகம்; போடாவிட்டால் வேலை அட்டையில் பிரச்சினை வருமோ என்ற பயம் அவர்களுக்கு. அப்படிச் சொன்னது யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 26 அன்று மறுபடி சபை கூடும். போகிறவர்கள், தீர்மானம் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். போன சபையின் தீர்மான நகலையும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய். மனு எழுதத் தெரியாதவர்கள் நம் இதழின் முகவரிக்கு வரலாம், எழுதித் தருகிறோம்.