கைத்தறிக்காரர் பேச வேண்டும்

காஞ்சீபுரம் பட்டுச் சேலை வேண்டுமென்று ஒருவர் தம் கைப்பேசியில் தேடினால், கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான சேலைகள் அவர் முன் வந்து நிற்கின்றன. விலை ஐந்நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது. ஆனால் எல்லாவற்றின் கீழும் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே வாசகந்தான்: அசல், பாரம்பரியம், கைவேலை, தூய பட்டு. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சேலைக்கு வேண்டிய பட்டு நூல்கூடக் கிடைக்காதென்பது நெசவுத் தெருவில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை முதலாக வைத்தே பெரும் வியாபாரம் ஒன்று நடந்து வருகிறது.

இதற்காக மோசக்கார வியாபாரிகளை வைது தீர்ப்பது எளிது. அவர்கள் வையத் தக்கவர்களே. அதைப் பின்னால் செய்வோம். ஆனால் பொய் இவ்வளவு சுலபமாக விலைபோவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மெய்யான சரக்கை வைத்திருப்பவர் வாய் திறப்பதில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு மங்கலான படம், ஓர் எண், ஒரு விலை, அவ்வளவே. பொய்ச் சேலை பத்து வாக்கியம் பேசுகிறது. மெய்ச் சேலை ஊமையாய் நிற்கிறது.

இது அற்ப விஷயமன்று. 2019-20-இல் எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கின்படி, இத்தேசத்தில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறியையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பி வாழ்கிறார்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, மாதம் 5,000 ரூபாய்கூட வருமானமில்லாதவை என்றும் அதே கணக்கு கூறிற்று. இவர்களுடைய சரக்குக்கும் வாங்குவோருக்கும் நடுவே முன்பு ஒரு தரகர் இருந்தார், ஒரு பெரிய கடை இருந்தது. இன்று சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கும் தமிழ்ப் பெண்மணி நேரே நெசவாளரிடம் கேட்கவும், பார்க்கவும், பணம் அனுப்பவும் வழி பிறந்திருக்கிறது. வழி இருந்தும் அதில் நம்மவர் நடமாட்டம் குறைவு.

விளம்பரத்துக்குப் பணம் ஏது என்று கேட்பார்கள். நாம் விளம்பரத்தைச் சொல்லவில்லை. 1900-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்தில் டயர் உற்பத்தி செய்த மிஷலின் சகோதரர்கள் ஒரு சிறு சிவப்புப் புத்தகத்தை அச்சிட்டு மோட்டார்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். டயரை எப்படி மாற்றுவது, எந்த ஊரில் தங்கலாம், பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்பன அதில் இருந்தன. அக்காலத்தில் அந்நாட்டிலே ஓடிய மோட்டார்கள் சில ஆயிரமே. புத்தகத்தை வைத்துக்கொண்டவன் அதிக தூரம் போனான்; அதிக தூரம் போனவனுக்கு டயர் தேய்ந்தது. வாங்குவோனுக்கு உபயோகமான விஷயத்தைச் சொன்னால் சரக்கு தானே நகரும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று இணையத்தில் நடக்கும் கெட்டிக்கார வியாபாரமெல்லாம் இந்தச் சிவப்புப் புத்தகத்தின் சந்ததியே.

நெசவாளரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்றால், ஏராளமாக இருக்கிறது. கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. தறியில் உட்கார்ந்தவருக்குத் துணையாக இன்னொருவர் கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருந்தும், சந்திக்கும் இடத்தில் ஊடையோடு ஊடை கோத்துக்கொள்வதால் அது பிரிந்து வராது. சேலையைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கோப்பு கண்ணுக்குத் தெரியும். இதை இரண்டு நிமிஷக் காணொளியாக எடுத்துக் காட்டினால், பார்த்தவர் அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் சேலையைப் புரட்டாமல் வாங்கமாட்டார். ஜரிகையும் அப்படியே. நல்ல ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மெல்லச் சுரண்டினால் உள்ளே பட்டு தெரியும். போலியில் செம்புக் கம்பியோ, பாலியெஸ்டர்த் தகடோ இருக்கும். பட்டு நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகி உருண்டையாய் இறுகிப்போகும். சேலையை எப்படி மடித்து வைப்பது, எத்தனை மாதத்துக்கொரு முறை மடிப்பை மாற்றுவது, மஞ்சள் கறையை என்ன செய்வது, வெள்ளி எத்தனை சதவீதம், தறியில் எத்தனை நாள் கிடந்தது, அந்த நாட்களுக்குக் கூலி எவ்வளவு — இவையெல்லாம் வாங்குவோர் மனத்தில் இருந்தும் கேட்க ஆளில்லாத கேள்விகள். கேட்குமுன் பதில் சொல்லுகிறவரிடமே அவர்கள் வருவார்கள்.

தொழில் ரகசியத்தை வெளியிடலாமா என்று பெரியவர்கள் சிலர் தயங்குவதுண்டு. கோர்வை போடக் கற்க வருஷங்கள் வேண்டும். காணொளி பார்த்தவன் மறுநாள் தறி போட்டுவிடப் போவதில்லை. வெளியாவது ரகசியமன்று, விலையின் நியாயம்.

இன்னொரு காரணமும் உண்டு. நமது அபிப்பிராயத்தில் அதுவே முக்கியமானது. இப்போது புகழ்ச்சியை எழுதித் தள்ள யந்திரமே வந்துவிட்டது. செயற்கை அறிவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் நூறு சேலைகளுக்கு நூறு வர்ணனை எழுதித் தருகிறது. ஆதலின் ‘அழகு, அசல், அற்புதம்’ என்ற சொற்களுக்குச் சந்தையில் மதிப்பே இல்லாமற் போயிற்று. மக்களுக்காக மெய்யான அநுபவத்தோடு எழுதப்பட்டவற்றை முன்னே நிறுத்துவதாகச் சொல்லி, 2022 ஆகஸ்டில் கூகிள் நிறுவனமே தன் தேடும் முறையைத் திருத்தியது. அத்திருத்தம் முற்றும் பலித்ததென்று நாம் சொல்லவில்லை; குப்பை இன்னும் மேலே மிதக்கத்தான் செய்கிறது. ஆயினும் யந்திரத்தால் எழுத முடியாத ஒன்று நெசவாளரிடம் இருக்கிறது: இந்தச் சேலை, இந்தத் தறியில், இன்ன தேதியில் ஏறி இன்ன தேதியில் இறங்கியது என்ற சாட்சியம். கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் சில வருஷங்களுக்கு முன் நெய்தவரின் புகைப்படத்தையும் பெயரையும் ஒரு சீட்டில் அச்சிட்டுச் சேலையோடு இணைத்தபோது, இந்தச் சூக்ஷ்மத்தையே கையாண்டது. அந்தச் சீட்டில் இருந்தது இணையத்திலும் விரிவாக வரவேண்டும்.

இனி மோசக்காரர்களிடம் வருவோம். 1985-ஆம் வருஷத்துச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு அதைப் புகழ்ந்தவரும் தப்ப முடியாது. பணத்துக்காகவோ இலவசப் பொருளுக்காகவோ புகழ்வோர் அதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டுமென்று 2022 ஜூனில் விதிகளும் வந்தன. அதே வருஷம் நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஓர் அளவுகோலை வெளியிட்டது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில். விரும்புவோர் யார்? பொய் மதிப்புரையை விலைக்கு வாங்குகிறவனா? சட்டங்களுக்குக் குறைவில்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறியென்று எழுதி விற்ற பக்கங்களை அதிகாரிகள் தாமே தேடிப் பிடித்துத் தண்டிப்பதைத்தான் காணோம். புகார் வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். ஏமாந்தோம் என்பதே தெரியாதவர் புகார் எப்படிக் கொடுப்பார்?

நம்மவருக்கும் ஓர் எச்சரிக்கை. பொய் கலந்து எழுதும் ஆசை இங்கேயும் எட்டிப் பார்க்கும். பாதிப் பட்டைத் தூய பட்டென்று ஒரு சங்கம் எழுதிப் பிடிபட்டால், பக்கத்துச் சங்கத்தின் மெய்யும் சேர்ந்து மூழ்கும். கலப்பு ஜரிகையானால் கலப்பென்றே எழுதுங்கள். அந்த விலைக்கு அதை விரும்பி வாங்குவோர் இருக்கிறார்கள்.

எழுதும் இடத்தைப் பற்றியும் யோசனை வேண்டும். யூடியூபும் இன்ஸ்டாகிராமும் சந்தை கூடும் இடங்கள், போகத்தான் வேண்டும். ஆனால் அவை பிறர் நிலம். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் இத்தேசத்தில் தடை செய்யப்பட்டபோது, அதிலேயே வாடிக்கை தேடி வைத்திருந்த சிறு வியாபாரிகள் ஓரிரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். தடைக்கான காரணங்கள் வேறு. நாம் குறிப்பிடுவது அதன் பலனை. சந்தையில் கண்டவரைத் தம் சொந்த இணையதளத்துக்கும், சம்மதம் பெற்று வாட்ஸ்அப் ஜாபிதாவுக்கும் அழைத்து வந்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் விலாசம் சங்கத்தின் சொந்த ஏட்டில் இருப்பது அவசியம்.

1905 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் பிரகடனமான நாளை, 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். முதல் விழா நடந்தது சென்னையிலேதான். வருஷந்தோறும் மேடையும் மாலையும் கண்காட்சியும் நடைபெறுகின்றன. அந்தச் செலவில் ஒரு பங்கைக் கொண்டு, சங்கத்துக்கு ஓர் இளைஞர் வீதம், நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்து, படமெடுக்கவும் தமிழில் தெளிவாக எழுதவும் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்கும்படி கைத்தறித் துறையை வற்புறுத்துகிறோம். சர்க்கார் அசையும் வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அலமாரியில் இருக்கும் பத்துச் சேலைகளை வெயிலில் விரித்து, முன்புறத்தோடு பின்புறத்தையும் படமெடுத்து, நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் தறியில் கிடந்த நாட்களையும் எழுதி இந்த வாரமே வெளியிடலாம்.