சயாம் ரயிலும் சாட்சிக் கூண்டும்

1946ஆம் வருஷத்தில் சிங்கப்பூரிலே கூடிய பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம், சயாம்-பர்மா ரயில்பாதை நிர்மாணத்தின் கடைசிக் கட்டத்திற்குத் தலைமை வகித்த ஜப்பானியத் தளபதி இஷிடா எய்குமாவுக்குப் பத்து வருஷச் சிறைவாசமும், அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வருள் இருவருக்கு மரண தண்டனையும் விதித்தது. தலைவருக்குச் சிறையும் கீழிருந்தவர்க்குத் தூக்குமாக முடிந்த இவ்விசித்திரம் தனியே ஆராயத்தக்கது. அவ்விசாரணைக்குரிய தஸ்தாவேஜுகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆயினும், அவற்றை மட்டும் நம்பி ஒரு தளபதியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பாதிக் கதையையே எழுதுவர் என்பது நமது அபிப்பிராயம்.

காரணம் இதுதான்: 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் வதைபட்ட 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளுள் அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒளித்துவைத்த நாட்குறிப்புகளும், பிரமாண வாக்குமூலங்களும் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் விசாரணைகளுக்கு உதவின. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கோ சரியான பெயர்ப்பதிவுகூட இல்லை. (சயாமிலுள்ள காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன, காலராவில் மாண்ட நம்மவரின் குழிகள் பெரும்பாலும் காட்டோடு காடாயின.)

அத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களுள் தென்னாற்காடும் ஒன்று. ஆகையால் அந்த ஜில்லாவைச் சேர்ந்த கிளியனூர், திண்டிவனம் வட்டாரத்துக் குடும்பங்களில் பழைய மலேயாக் கடிதங்களோ, மணியார்டர் ரசீதுகளோ இருக்குமாயின், அவற்றைப் படியெடுக்கும் வேலையை நமது கல்லூரிகளின் சரித்திரப் பிரிவினர் இவ்வாண்டே தொடங்க வேண்டும். கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று முதுமை எய்திவிட்டார்கள்.