சிரிக்காத பாடநூலும் சிரிக்கவைத்த பூனையும்

குழந்தைக்குரிய பொத்தகத்தில் நகைச்சுவை எதற்கு என்று கேட்கும் கல்வியாளர் எல்லா நாட்டிலும் உளர். படமும் சிரிப்பும் படிப்பைக் கெடுக்கும் என்பது அவர்தம் எண்ணம். அமெரிக்க நாட்டில் அவ்வெண்ணம் பட்ட பாட்டை ஆசிரியப் பெருமக்கள் அறிந்துகொள்ளல் நன்று.

அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சியவை திக்கு, சேன் என்னும் சிறுவன் சிறுமியரைப் பற்றிய பாடநூல்கள். அப்பிள்ளைகள் அழுக்குப்படார், குறும்பு செய்யார், ஒரே சொல்லை மும்முறை சொல்லி நாயைக் காட்டுவர். 1954-இல் சான் எர்சி என்னும் எழுத்தாளர் ‘இலைஃப்’ இதழில் இதனைக் கடிந்தெழுதினார். பிள்ளைகள் படிக்கத் திணறுவதற்கு இத்தகைய சப்பென்ற நூல்களும் ஒரு கரணியம் என்றார். புனைவாற்றல் மிக்க ஓவியர்கள் வரையலாகாதா என வினவி, ‘மருத்துவர் சூசு’ என்பாரையும் சுட்டினார். (மருத்துவர் என்பது புனைபெயரளவே, நாடி பிடித்தறியார். இயற்பெயர் தியோடர் கைசல்.)

ஊட்டன் மிப்ளின் பதிப்பகத்துப் பாடநூற்பிரிவின் வில்லியம் இசுபால்டிங்கு, ஒரு சொற்பட்டியலை அவரிடம் கொடுத்து, அதற்குள் நின்றே கதை சொல்லுமாறு கேட்டார். காலில் தளையிட்டுக் கூத்தாடச் சொன்னதை ஒக்கும் இது. 1957-இல் வெளிவந்தது ‘தொப்பியணிந்த பூனை’. அதிலுள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. தாய் வெளியே சென்றிருந்த மழைநாளில் ஒரு பூனை வீட்டினுள் புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. தொட்டிமீன் மட்டும் ஓயாது அறிவுரை கூறுகிறது. (அம்மீனை ஒத்த ஆசிரியர் சிலர் எப்பள்ளியிலும் உண்டு.) பள்ளிகள் தயங்கின; வீடுகளோ அள்ளிச் சென்றன.

சொற்பட்டியலே நூலைச் சிறப்பித்தது என்பார் பிழைபட்டார். திக்கு-சேன் நூல்களும் பட்டியலால் ஆனவையே அன்றோ? வேறுபாடு இயைபிலும் ஓவியத்திலும் குறும்பிலும் உள்ளது.

பின்னர்ப் பென்னட் செர்பு என்னும் பதிப்பாளர், ஐம்பதே சொற்களில் நூலெழுத இயலாதென்று 50 தாலர் பணையம் வைத்தார் என்பர். 1960-இல் வந்தது ‘பச்சை முட்டையும் பன்றிக்கறியும்’. ஐம்பதில் நாற்பத்தொன்பது ஓரசைச் சொற்கள்! எலி, மரம், மழை, இருள், ஆடு என அம்மொழியின் பழைய வீட்டுச் சொற்களே பெரிதும் கதையை நடத்துகின்றன. இலத்தீன, கிரேக்கக் கடன்சொற்களின்றி ஆங்கிலம் ஊமையாகும் என்பார் இந்நூலைப் புரட்டிப் பார்க்கட்டும்.

நகை பிறக்கும் களங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். பூனையின் ஆட்டமெல்லாம் இளமையிலும் பேதைமையிலும் பிறந்த நகை. ஆயின், சூசு சிலவிடத்து எள்ளலுக்கும் இடந்தந்தார். ஆசிய, ஆப்பிரிக்க மக்களை இழிவுறக் காட்டும் ஓவியங்கள் உள்ளமையால், 1937-இல் வந்த அவர்தம் முதற் சிறுவர்நூல் உட்பட ஆறு நூல்களின் வெளியீட்டை, அவர் நூலுரிமையைப் பேணும் நிறுவனமே 2021-இல் நிறுத்தியது. சூசு மறைந்து (1991) ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்தபின் நிகழ்ந்தது இது. இதனைச் சிலர் பழித்தனர். எனினும் செயல் முறையானதே. படத்திலுள்ள முகம் தன் இனத்து முகமாயின், உடனமர்ந்த பிள்ளைகள் சிரிக்கும்போது அக்குழந்தை தானும் சிரிக்குமோ? பூனை நூல் அவ்வாறனுள் ஒன்றன்று. இன்றும் அச்சேறி வருகிறது.