திருமுழுக்காலும் இடியாத சுவர்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அன்று கால் வைக்க இடமிருக்காது. சுண்ணாம்பு அடித்த சமாதிகள் மேல் சாமந்தி, மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை. அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது, சாவு எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளைத் தனியே பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அதை இடிக்கக் கேட்டுப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்திருக்கிறது. ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, ஒரே செபம். மண் மட்டும் வேறு.

அயர்லாந்தோடு ஒப்பிட்டால் இதன் அசிங்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளை மந்திரித்த மண்ணில் புதைக்கவிடவில்லை. ‘கில்லீன்’ எனப்படும் ஒதுக்குப்புற இடங்களில், பெரும்பாலும் இரவில், பெற்றோர் புதைத்தார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்குத் திருச்சபை ஓர் இறையியல் காரணம் சொன்னது. பின்னாளில் அந்த விதியைத் தளர்த்தவும் செய்தது. 1983 திருச்சபைச் சட்டம் அத்தகைய குழந்தைகளுக்கும் அடக்கச் சடங்கை அனுமதிக்கிறது.

அங்கே திருமுழுக்குப் பெறாததால் வெளியே. இங்கே திருமுழுக்குப் பெற்றும் வெளியே. இதற்கு எந்த இறையியலும் இல்லை. சாதி மட்டுமே இருக்கிறது. 1834 முதல் பல பத்தாண்டுகள் மெட்ராஸ் கத்தோலிக்கத் தலைமையில் இருந்தவர்கள் அயர்லாந்து ஆயர்கள்தான். ஆயர்கள் மாறினார்கள், சாதி மாறவில்லை.

இது கிறிஸ்தவர்களின் கதை மட்டுமல்ல. 2019இல் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்கு வழிவிடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

“நம்ம வடசென்னையில அதெல்லாம் இல்லப்பா” என்பார்கள் நண்பர்கள். சுவர் இல்லாமல் இருக்கலாம். குழி வெட்டுகிறவர், பிணம் எரிக்கிறவர் பெரும்பாலும் எந்தச் சாதி என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அரசின் வாதம். போகவில்லை என்பதற்குக் கல்லறைச் சுவரே சாட்சி. அரசிடம் அந்த உரிமையைக் கேட்கும் ஆயர்கள், தங்கள் மறைமாவட்டங்களில் எங்கெங்கே பிரிக்கப்பட்ட கல்லறைகள் உள்ளன என்ற பட்டியலை முதலில் வெளியிடட்டும். அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் அந்தச் சுவர்களை இடிக்கட்டும். செத்தவர்களுக்குச் செய்யும் செபம் அதற்குப் பிறகு.