எண் இல்லாத பொருள்

“நம்ம ஊர்ல இருந்திருந்தா இந்நேரம் உருக்கி வித்திருப்பான் சார், அங்கயே இருக்கட்டும்.” பிரிட்டிஷ் மியூசியம் பார்த்துவிட்டு வந்த நண்பர்களிடம் பேசினால் பத்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. சொல்பவர்கள் முட்டாள்கள் இல்லை. என்னைப் போலவே கணினித் துறையில் சம்பாதிப்பவர்கள். எந்தத் தரவையும் சரிபார்க்காமல் நம்பாதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாசலில் நிற்கும் தூண்களைப் பார்த்தே நம்பிவிடுகிறார்கள். அதுதான் எரிச்சல்.

நானும் போயிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. 33ஏ என்ற கண்ணாடி அறைக்குள் அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள். நல்ல அறை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறை வந்தது 1992-ல். கற்கள் லண்டனில் இறங்கியது 1859-ல். வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பியவை அங்கே பல வருடம் வெட்டவெளியில் கிடந்தன. (பார்த்தியா, நம்ம ஊர் என்று குதிக்க வேண்டாம், அன்றைக்கு மெட்ராஸை ஆண்டது கம்பெனி.) லண்டன் போயும் விடிவில்லை. குதிரைவண்டிக் கொட்டகையில் கிடந்தவற்றை 1867-ல் ஜேம்ஸ் பெர்குசன் கண்டெடுத்தார். மண்ணிலிருந்து ஒருமுறை, லண்டனில் மறுமுறை என்று இரண்டு தடவை கண்டுபிடிக்கப்பட்ட சிற்பங்கள் அவை. மியூசியத்துக்கு வந்தது 1880-ல். அதே மியூசியம்தான் 1930களில் பார்த்தினன் சிற்பங்களை வெள்ளையாக்கும் ஆசையில் செப்பு உளியால் சுரண்டவிட்டது.

பழங்கதை என்பீர்கள். சரி, 2023 ஆகஸ்டுக்கு வருவோம். சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போயோ திருடப்பட்டோ சேதமாகியோ விட்டன என்று மியூசியமே ஒப்புக்கொண்டது. ஊழியர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இயக்குநர் ராஜினாமா செய்தார். ஈபேயில் விலைக்கு வந்த சில கற்களைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு பழம்பொருள் வணிகர் 2021-லேயே எழுதியிருந்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அப்போது பதில் போனது. எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? காணாமல் போனவற்றில் பல, சரியாகப் பதிவேட்டில் ஏறாதவை. இல்லாத வரியை எந்தக் கணக்கெடுப்பும் காட்டிக்கொடுக்காது.

80 லட்சம் பொருட்கள், பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 80,000. மீதியைப் பூட்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். எங்கள் தொழிலில் இப்படி ஒரு கிடங்கை யாராவது நடத்தினால் அடுத்த தணிக்கையில் தொலைந்தார்கள். அமராவதிக் கற்களுக்கு எண் இருக்கிறது: 1880,0709 என்று தொடங்கும், வந்து சேர்ந்த தேதியே எண்ணாகிவிட்டது. அதில் ஒன்று காணாமல் போனால் அன்றைக்கே தெரியும்.

இனி “உருக்கி வித்திருப்பான்” கதை. விற்றவன் நம்மாள்தான், ஒத்துக்கொள்கிறேன். வாங்கியவன் யார்? 1976-ல் தஞ்சை மாவட்டம் பத்தூரில், இடிந்த கோயில் ஒன்றின் அருகே மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜரைக் கைமாற்றிக் கைமாற்றி லண்டனில் ஒரு கனடிய நிறுவனம் 1982-ல் வாங்கியது. சீரமைக்கக் கொடுத்த இடம் பிரிட்டிஷ் மியூசியம். ஸ்காட்லாந்து யார்டு அதைக் கைப்பற்றியதும் அங்கேதான். நம் நண்பர்கள் பத்திரம் என்று கைகாட்டும் அதே கட்டடம். இடிந்து கிடந்தாலும் கோயில் தன் உரிமையைக் கேட்டு வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார்.

ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014-ல் திருப்பித் தந்தது. மனம் மாறியா தந்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம் மறுக்க முடியாத சாட்சியாக நின்றது. பூட்டிய கோயிலில் அந்தப் பூட்டு ஒன்றும் செய்யவில்லை. கோப்பில் கிடந்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் செய்தது.

ஆகவே பாதுகாப்பு என்ற சொல்லை இந்த விவாதத்திலிருந்து தூக்கிவிடுங்கள். 1963-ஆம் ஆண்டுச் சட்டம், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பொருட்களைத் திருப்பித் தர எங்களை விடாது என்று மியூசியம் சொல்கிறது. அது நேர்மையான பதில். அதை வைத்துச் சண்டை போடலாம், சட்டம் நாடாளுமன்றம் போட்டது, நாடாளுமன்றமே மாற்றலாம். நாம் போய் அவர்களுக்காக வேறு வக்காலத்து வாங்குவதுதான் சகிக்கவில்லை. அந்த நேரத்தை உங்கள் ஊர்க் கோயிலுக்குக் கொடுங்கள். எத்தனை செப்புத் திருமேனிகள், ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், முன்னும் பின்னும் எடுத்த படம் எங்கே என்று செயல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய்.