ஓடும் கணினிக்கு நாள் குறிப்பது யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. மாற்றாக முன்வைக்கப்படும் விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அண்மைக்காலச் செயலியும் இல்லாத கணினிகளை ஏற்பதில்லை. பழுதேதும் இல்லாத கணினிகள் ஒரு நிறுவனத்தின் அறிவிப்பால் கழிவுப் பொருளாகின்றன. பழையதையே தொடர விரும்பும் நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர் கட்ட வேண்டும். அத்தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். மூன்றாண்டுகளுக்குப் பின் அந்த வழியும் அடைபடும். ஏகபோகம் விலையை மட்டுமல்ல, பொருளின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

அதற்காக வாளாவிருப்பதும் அறிவுடைமையாகாது. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை நச்சுநிரல், பாதுகாப்புத் திருத்தம் செய்யப்படாத கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போயிற்று. திருத்தம் பெறாத கணினியில் உறுப்பினர் பட்டியலையும் கணக்குகளையும் வைத்திருப்பது, கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

இந்த நெருக்கடி நமக்குப் புதிதல்ல. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு தனது துறைகளுக்கு அறிவுறுத்தியது. அரசுப் பணிகளில் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015இல் ஒன்றிய அரசும் வெளியிட்டது. ஆயினும் அரசு அலுவலக மேசைகளில் இன்றும் விண்டோஸே கோலோச்சுகிறது. சுற்றறிக்கை மட்டுமே மாற்றத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதே இதன் பாடம்.

கேரளம் வேறு வழியில் நடந்தது. பள்ளிக் கணினிக் கல்வி ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளோடு பிணைக்கப்படுவதை அங்குள்ள ஆசிரியர் இயக்கம் எதிர்த்தது. 2006இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் உறுதியாக நிலைபெற்றது. ஆசிரியர்களே பயிற்சி பெற்றுச் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தனர். பாடநூலும் தேர்வும் அதற்கேற்ப அமைந்தன. இன்று ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தனது பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தானே வடிவமைக்கிறது. கொள்கையோடு அமைப்பும் பயிற்சியும் சேர்ந்ததால் விளைந்த வெற்றி இது.

கோல் மார்க்கெட்டில் உள்ள கட்சியின் தலைமை அலுவலகம் முதல் வட்டக்குழு அலுவலகம் வரை, கணினியின்றி இன்று இயக்கப் பணி இல்லை. தொழிற்சங்க, வெகுஜன அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் நிலையான பதிப்புகள் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பல ஆண்டுகளுக்குத் திருத்தங்களும் பெறுகின்றன. பழைய கணினிகளிலும் பெரும்பாலும் நன்றாக இயங்குகின்றன.

இடர்ப்பாடுகளை மறைக்க வேண்டியதில்லை. பேஜ்மேக்கரில், ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் அமைந்த நமது பழைய ஆவணங்கள் புதிய தளத்தில் அப்படியே திறவா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரநிலையாக ஏற்றுவிட்டதால், என்றேனும் செய்தே தீரவேண்டிய பணிதான் இது. சில அச்சுக்கருவிகளும் கணக்கு மென்பொருள்களும் ஒத்துழைக்க மறுக்கலாம். எனவே முதலில் ஆவணங்களை நகலெடுத்துப் பாதுகாத்து, ஒரு கணினியில் சோதித்து, இரண்டு தோழர்களுக்கேனும் பயிற்சியளித்து, பின்னரே மற்றவற்றை மாற்றுவது முறை.

நமது அலுவலகங்களில் இதைச் செய்துகாட்டுவது, பொதுவெளியில் நாம் எழுப்பும் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும். அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள ஓடும் கணினிகளைக் குப்பையில் எறிந்துவிட்டு, மக்கள் வரிப்பணத்தில் புதியவை வாங்கக் கூடாது. கட்டற்ற இயங்குதளத்திற்கு மாறுவதற்கான பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். பொதுச்சொத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை மக்களிடமே இருக்க வேண்டும்.